கோகிலாவின் மீது பதினேழு புகார்கள்

டிசம்பர் 3, செவ்வாய்

இது டைரி அல்ல. எங்கள் சோதனைக்கூடத்தில் மிச்சமாகிக் கிடந்த பம்பு பதிவேடு. ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கட்டம் அச்சடித்திருக்கிறது: தேதி, அழுத்தம், ஓட்டம், குறிப்பு. நடுவில் உள்ள இரண்டையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிச்சயம் ஆயிற்று. பெண் பெயர் கோகிலா. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. அம்மாவின் அண்ணன் நாச்சிமுத்து மாமாதான் நடுவில் நின்று பேசி முடித்தார். பெண் வீட்டுக் கூடத்திலேயே நிச்சயம். பிப்ரவரி பத்தாம் தேதி கல்யாணம். இதுவரைக்கும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

இன்று காலை அந்தப் பெண்ணிடமிருந்து முதல் செய்தி வருகிறது. நலமா என்று ஒரு வார்த்தை உண்டா? கிடையாது. "ஒரு ஜப்பான் அனிமே அனுப்பறேனுங்க. மொத்தம் பன்னெண்டு எபிசோடு. கல்யாணத்துக்குள்ள பார்த்து முடிச்சரணும். பரீட்சை வெப்பேன்."

எனக்கு முப்பத்தொரு வயது. கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாளி. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு மோட்டார் வாசலைத் தாண்டாது. என்னைப் போய் பொம்மைப் படம் பார்க்கச் சொல்கிறாள்! பரீட்சை வேறு வைப்பாளாம்!

"சரி" என்று பதில் போட்டேன். முதல் செய்திக்கு வேறென்ன போடுவது?

சிலிண்டர் வந்தது. அம்மாவின் கால்வலி மாத்திரையை மறந்துவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

முதல் எபிசோடு பார்த்தாயிற்று. அடக் கடவுளே.

ஒரு மலையூர்ப் பள்ளிக்கூடம். தைகி என்று ஒரு பையன், சிஹோ என்று ஒரு பெண். பள்ளிக்கூடத்து முயல்களுக்குத் தீவனம் வைப்பது இவர்கள் இருவரின் பொறுப்பு. தினமும் அந்தப் பெண் அவனை வம்புக்கு இழுக்கிறாள். "முயல் உன்னைப் பற்றி ஒன்று சொல்லிற்று" என்கிறாள். அவன் நம்பி, என்ன சொல்லிற்று என்று கேட்கிறான். கேட்டதும் அவள் சிரிக்கிறாள். அவன் முகம் காது வரைக்கும் சிவக்கிறது. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, "நாளைக்கு உன்னை ஜெயிக்காமல் விடமாட்டேன்" என்று சபதம் போடுகிறான். அவ்வளவுதான் கதை! இருபத்துநான்கு நிமிஷம்!

இதைப் படமாக எடுக்கச் சொன்னவன் யார்? பணம் போட்டவன் யார்? இதை உலகம் பூராவும் உட்கார்ந்து பார்க்கிறார்களாம். உருப்படுமா?

மாத்திரை வாங்கியாயிற்று.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று போனில் பேசினோம். முறையாக, "சாப்ட்டீங்களா?" என்று ஆரம்பித்தேன்.

"சாப்ட்டேனுங்க. ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? நிச்சயத்தன்னிக்கு எல்லா மாப்பிள்ளையும் பொண்ணைப் பார்ப்பாங்க. நீங்க எங்க வீட்டு ஃபேனையே பார்த்துட்டு இருந்தீங்களே, அது ஏனுங்க?"

"பேரிங் போயிருந்துச்சுங்க. கடகடன்னு சத்தம் வந்துட்டு இருந்துச்சு."

"அப்படீங்களா! அதான் நீங்க போனதுலருந்து எங்க ஃபேனு, மாப்பிள்ளை மறுபடி எப்ப வருவாருன்னு கேட்டுட்டே இருக்குதுங்க."

உண்மையிலேயே அந்தப் பேரிங் போய்விட்டது. இன்னும் ஆறு மாதம் அப்படியே ஓடினால் மோட்டாரே புகைந்துவிடும். நல்லது சொன்னால் நக்கலா?

"கோயமுத்தூர்க்காரருக்குக் குசும்பு இருக்கும்னு சொன்னாங்க. உங்களுக்கு அதைப் போட மறந்துட்டாங்களா?" என்றும் கேட்டாள்.

இவள் பேசுவதையெல்லாம் எண் போட்டுக் குறித்துவைக்கப் போகிறேன். கம்பெனியில் பழுதான பம்புக்கு அப்படித்தான் செய்கிறோம். ஃபேன், புகார் 1. குசும்பு, புகார் 2.

டிசம்பர் 11, புதன்

புகார் 5: நான் தினமும் இரவு எட்டு மணிக்கு அழைப்பேன் என்று தெரிந்துகொண்டு, ஏழு ஐம்பத்தொன்பதுக்கே ஒரு செய்தி. "சாப்ட்டேனுங்க. இட்லி நாலு. இனி நேரா அடுத்த கேள்விக்குப் போங்க." என்னிடம் அடுத்த கேள்வி இல்லை. அழைக்காமலேயே இருந்துவிட்டேன். எட்டே காலுக்கு அவளே அழைத்து, "அடுத்த கேள்வி இல்லீங்களா?" என்றாள்.

புகார் 8: பந்தயம். "சரிங்கற வார்த்தையைச் சொல்லாம அஞ்சு நிமிசம் பேசுங்க பார்ப்போம்." சரி என்றேன். அங்கேயே தோற்றாயிற்று.

டிசம்பர் 13, வெள்ளி

நாலு, ஐந்து, ஆறு மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்தேன். சீக்கிரம் முடித்துத் தொலைக்கலாமே என்றுதான். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஐந்தாவதில் அந்த சிஹோ ஒரு கேரட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, எந்தக் கையில் இருக்கிறது என்று தைகியைக் கேட்கிறாள். இரண்டு கையிலும் இருக்கிறது! இது ஏமாற்று வேலை இல்லையா? அவனும் மறுநாள் அதே கூண்டுக்கு, அதே நேரத்துக்கு, ஓடி ஓடிப் போகிறான். மானங்கெட்டவன். நானாக இருந்தால் வாத்தியாரிடம் போய்ப் புகார் கொடுத்திருப்பேன்.

புகார் 13: எனக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டாள். யோசித்து, சிமெண்ட் கலர் என்றேன். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு போட்டோ வந்தது. எருமை, தார் ரோடு, மழை மேகம், கரண்டு கம்பம். கீழே, "இதுல எதுங்க முகூர்த்தப் புடவைக்கு?"

டிசம்பர் 15, ஞாயிறு

நாளைக்கு மார்கழி பிறக்கிறது. பிறந்துவிட்டால் கல்யாணத் துணி எடுக்கக் கூடாது என்று இன்று இரண்டு வீட்டாரும் ஜவுளிக்கடைக்குப் போனோம். எங்கள் பக்கம் நான், அம்மா, நாச்சிமுத்து மாமா. அவர்கள் பக்கம் கோகிலாவும் அவள் அப்பா அம்மாவும்.

கடைக்காரர் புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் கோகிலா சொல்கிறாள்: "அவிகளுக்கு சிமெண்ட் கலருங்க. அரைமூட்டை மணலும் சேர்த்துக் கட்டிக் குடுங்க."

கடையே சிரித்தது. புடவை மடிக்கிற அக்காக்கள் சிரித்தார்கள். பக்கத்தில் வேறு கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அப்பா கூட மீசைக்குள் சிரித்தார். கோகிலா மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன துணிச்சல்! புகார் 17.

திரும்பி வரும்போது காரில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அம்மாவைப் பார்த்து, "அந்தப் பொண்ணுக்கு மருவாதி தெரியலைங்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மாமா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 18, புதன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மாமாவின் நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தால், அவர் கோபியில் இருக்கிறார். கோகிலா வீட்டில். கூட இரண்டு பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"மாப்ள, பேசி முடிச்சாச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பேசு கண்ணு, மாப்பிள்ளை கேக்கறாரு."

முதலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கோகிலா குரல்.

"நான் பேசுனதெல்லாம் தப்புதானுங்க. இனிமே அப்படி நடக்காதுங்க. மன்னிச்சுக்குங்க."

பின்னால் அவள் அப்பா, "செல்லங் குடுத்து வளர்த்துட்டனுங்க, என்ற தப்புதானுங்க" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

"சரி" என்றேன்.

யார் போகச் சொன்னது இவர்களை? நான் போகச் சொன்னேனா? காரில் ஒரு மனுஷன் தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அதற்குள் படை திரட்டிக்கொண்டு போவதா? அம்மா சொல்கிறாள், "உனக்காகத்தானே சாமி போனாங்க. கடைக்காரன் சிரிக்கறான், பெத்தவ நான் பார்த்துட்டு இருக்கோணுமா?"

சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டேன். இன்று பதினெட்டு பம்பு பாக்கி.

டிசம்பர் 20, வெள்ளி

எட்டு மணிக்கு அழைத்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"சாப்ட்டேனுங்க."

வேலை எப்படி?

"நல்லாப் போகுதுங்க."

வைக்கட்டுமா?

"சரிங்க."

நல்ல முன்னேற்றம். இப்படித்தான் இருக்க வேண்டும்.

டிசம்பர் 24, செவ்வாய்

"சரிங்க" பதினொன்று. நான் எண்ணவில்லை, தானாகக் காதில் விழுகிறது.

டிசம்பர் 27, வெள்ளி

ஏழு ஐம்பத்தொன்பதுக்கு போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எட்டே காலுக்கும் பார்த்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

ஏழாவது எபிசோடு. சிஹோவை யாராவது கண்டித்துத் திருத்துகிறார்களா பார்ப்போம் என்றுதான் போட்டேன்.

யாரும் திருத்தவில்லை. அவளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. எபிசோடு பூராவும் தைகி ஒருவனே முயல்களுக்குத் தீவனம் வைக்கிறான். கூண்டைக் கழுவுகிறான். வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். கடைசியில் முயலிடம் குனிந்து, "என்னைப் பற்றி ஏதாவது சொல்லேன்" என்று கேட்கிறான். முயல் தழை தின்கிறது.

என்ன கொடுமை இது! குழந்தைகள் பார்க்கிற படத்தில் இப்படியா மனுஷன் மனதைப் பிசைவார்கள்? இதற்கெல்லாம் சென்சார் கிடையாதா?

மூன்று தடவை பார்த்தேன். சரிபார்க்கத்தான்.

ஜனவரி 1, புதன்

"புத்தாண்டு வாழ்த்துகளுங்க." எனக்கும் வந்தது, அம்மாவுக்கும் அதே எழுத்தில் வந்தது, மாமாவுக்கும் வந்ததாம்.

ஜனவரி 5, ஞாயிறு

முதல் எபிசோட்டைத் திரும்பப் போட்டேன். பொழுது போகவில்லை.

ஒன்றைக் கவனித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. தைகி முகம் சிவந்து முதுகைத் திருப்பிக்கொள்கிறான் அல்லவா? அப்போது பின்னால் நிற்கும் சிஹோ தீவன வாளியைத் தூக்கித் தன் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். வாளி நடுங்குகிறது. வாளிக்கு மேலே தெரியும் காது இரண்டும் அவனுடையதைவிடச் சிவப்பு. நாலைந்து விநாடிதான். அவன் திரும்பும்போது வாளி கீழே இருக்கிறது, அவள் பழையபடி சிரிக்கிறாள். இரண்டாவது எபிசோட்டிலும் இருக்கிறது. மூன்றாவதிலும் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இருக்கிறது!

ஒரு மயிரிழை விரிசலைக்கூட விடாமல் பார்க்கிறவன் நான். இதை விட்டிருக்கிறேன்.

உடனே இந்தப் பதிவேட்டைப் புரட்டிப் புகார்களை ஒன்றிலிருந்து படித்தேன். புகார் 4: எனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று கண்டுபிடித்துக் கேலி. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. நிச்சயத்தன்று இலையின் ஓரத்தில் ஒதுக்கி, அதன்மேல் வாழைப்பழத் தோலைப் போட்டு மூடினேன். புகார் 10: யோசிக்கும்போது நான் கடிகாரத்தைக் கழற்றி மாட்டுகிறேனாம். ஆமாம், செய்கிறேன். எனக்கே தெரியாது. புகார் 15: நிச்சயத்தன்று கூடத்தில் ஒரு குழந்தை அழுதபோது நான் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேனாம். அவள் பார்த்திருக்கிறாள்.

பதினேழு புகாரிலும் ஒரு பொய் இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் என்னை யாரும் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணைத்தான் நான் மருவாதி தெரியாதவள் என்று சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். நான் அதற்கு "சரி" சொன்னேன்.

தூ.

ஜனவரி 9, வியாழன்

நானே கேலி செய்து பார்த்தேன். ஏழு ஐம்பத்தொன்பதுக்கு, "சாப்ட்டீங்களா? இட்லி எத்தனை? நாலா, ஐஞ்சா? தராசுல நின்னு பார்த்தீங்களா?" என்று அனுப்பினேன். எழுத இருபது நிமிஷம் ஆயிற்று.

"சாப்ட்டேனுங்க. மூணுதானுங்க. இனிமே கொறைச்சுக்கறேனுங்க."

போனைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அம்மா வடை சுட்டாள். எட்டாவதிலிருந்து பதினொன்று வரை பார்த்தாயிற்று. பன்னிரண்டாவதைப் பார்க்கவில்லை. நேரமில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தனியாகப் பெண் ஊருக்குப் போகக் கூடாதாம். எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? ஐந்து நாளாக யோசித்து, இன்று காலை அம்மாவிடம் கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டு கோபிக்கு பஸ் ஏறினேன்.

கண்ணாடிக் கடையில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். என் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கோகிலா நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றாள். விளக்கை அணைத்தாள்.

"கடைசி வரி படிங்க."

"கோகிலா, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேனுங்க."

"அதுக்கு மேல இருக்கற வரி படிங்க."

"காருல நான் சொன்ன ஒரே வார்த்தையாலதான் அத்தனையும். மாமா மேல தப்பில்ல. என்ற தப்பு."

அவள் என் மூக்கின்மேல் லென்சு மாற்றிப் பார்க்கிற அந்த இரும்புக் கண்ணாடியை மாட்டினாள். "எங்கப்பா உரக்கடை வெச்சிருக்காருங்க. எத்தனையோ பேரு சண்டைக்கு வருவாங்க. யாரு முன்னாடியும் அவரு தலை குனிஞ்சு நான் பார்த்ததில்லீங்க. அன்னிக்குக் குனிஞ்சாருங்க. இதுல நல்லாத் தெரியுதுங்களா, இதுலீங்களா?"

"ரெண்டாவதுலீங்க."

"எல்லாருகிட்டயும் வாயாடறவ இல்லீங்க நான். நிச்சயத்தன்னிக்கு நீங்க பயந்து போய் ஃபேனைப் பார்த்துட்டு இருந்தீங்க. நானும் பயந்துதான் உக்காந்திருந்தேன். ஊரு பேரு தெரியாத ரெண்டு பேரு, எப்படிப் பேச ஆரம்பிக்கறது? அதுக்குத்தான் அந்த அனிமே அனுப்புனனுங்க. கேலி பண்றதுக்கும் ஒரு தைரியம் வேணும்ங்க. இப்ப அது எனக்கில்ல. ஒவ்வொரு வார்த்தைக்கும் யாராச்சும் வீட்டுக்கு வந்துருவாங்களோன்னு இருக்குது."

இருட்டில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது என்றேன். தினமும் ஏழு ஐம்பத்தொன்பதுக்கு போனைப் பார்க்கிறேன் என்றேன். நீங்கள் என்னைக் கேலி செய்யாத வீடு எனக்கு வேண்டாம் என்றேன். கல்யாணம் வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள், பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். மூக்கின்மேல் இரண்டு கிலோ இரும்பு வேறு.

அவள் என் கண்ணாடியில் ஒரு லென்சை மாற்றினாள். பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் பேசும் குரலில், "தூரத்துல இருக்கறது மங்கலாத் தெரியுதுங்களா?" என்றாள்.

"ஆமாங்க. கோபி வரைக்கும் தெரியலீங்க."

என் வாழ்க்கையில் நான் செய்த முதல் கேலி அது. அவள் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி லென்சுப் பெட்டியில் எதையோ வெகுநேரம் தேடினாள். ஒரு லென்சு எடுக்க இவ்வளவு நேரமா? பெட்டியை ஒழுங்காக அடுக்கிவைக்கக் கூடாதா?

விளக்கைப் போட்டாள். "பவர் இருக்குதுங்க, முக்கால். கண்ணாடி செஞ்சு பஸ்ல போட்டு விடறோம். நீங்க கேட்டதுக்கு யோசிச்சுச் சொல்றனுங்க."

அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் பதறியதைப் பார்த்துத்தான் எனக்கு என் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாமா, என்னைய மன்னிச்சுக்கோணும். உங்க பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. நான்தான் பண்ணுனேன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. டீ வந்தது. பாதி குடித்த பிறகு சொன்னார்: "என்ற புள்ள வாயைத் தொறந்தா வீடே கலகலன்னு இருக்குமுங் மாப்ள. ஒரு மாசமா இந்த வீட்டுல ஃபேனு சத்தந்தான் கேக்குது."

ஏணி இருக்கிறதா என்று கேட்டேன். என் பையில் பேரிங் இரண்டும் ஒரு ஸ்பானரும் இருந்தன. கோயமுத்தூரிலிருந்து எதற்கு அதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன் என்று எனக்கே தெரியாது. ஃபேனை இறக்கி, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, புதிதைப் போட்டு மாட்டினேன். முக்கால் மணி நேரம். மாமனாரே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 20, திங்கள்

மாமாவிடமும் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இனி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதுக்கு நடுவுல யாரும் வர வேண்டாம்ங் மாமா" என்றேன்.

"நாயம் பேசப் போனவன் மேலயே பழியா? நல்லா இருக்குதுடா உன்ற கதை!" என்று மாமா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். போகட்டும். நாலு நாளில் வருவார்.

அம்மா எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அப்புறம், "சிமெண்டுன்னு சொன்னதுக்கு எனக்கும் சிரிப்பு வந்துச்சு சாமி. அடக்கிட்டேன்" என்றாள். இதை அன்றைக்கே சொல்வதற்கென்ன!

ஜனவரி 27, திங்கள்

வந்துவிட்டது. "ஃபேன் சத்தமில்லாம ஓடுதுங்க. அப்பா சொல்லச் சொன்னாங்க. கல்யாணத்துக்கு சரிங்க."

எந்தச் சரிங்க? வாயார வரும் சரிங்கவா, டிசம்பரிலிருந்து வரும் சரிங்கவா? ஒரு மனுஷனுக்கு இப்படியா பதில் அனுப்புவது? வாழ்நாள் பூராவும் "சரிங்க, சாப்ட்டேனுங்க" என்று ஒரு பெண் என் வீட்டில் தலைகுனிந்து நடமாடினால் அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்? அழைத்துக் கேட்கலாம் என்றால் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பஸ் பார்சலில் மூக்குக்கண்ணாடி வந்தது. பெட்டியை உதறிப் பார்த்தேன், துணியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு சீட்டும் இல்லை.

ஃப்ரேம் சிமெண்ட் கலர்.

இது கேலியா, அல்லது கடையில் கையிருப்பே அதுதானா? அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து, "நல்லாத்தான் இருக்குது, போட்டுக்க" என்றாள்.

பிப்ரவரி 8, சனி

பந்தல்காரர், சமையல்காரர், பூக்காரர், எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். மாமா வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக வாழைமரம் வளைந்திருக்கிறது என்று சண்டை.

பன்னிரண்டாவது எபிசோடு இன்னும் பார்க்கவில்லை. நேரமில்லை என்று எழுதியிருந்தேன். பொய். அது முடிந்துவிட்டால் அவளிடமிருந்து வந்தது எதுவும் என்னிடம் பாக்கி இருக்காது.

பிப்ரவரி 10, திங்கள்

மண்டபத்து மாப்பிள்ளை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே இரண்டாம் பந்தி நடக்கிறது. ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியாது. நான் அப்படி ஏமாற்றப்பட்டிருக்கிறேன்.

தாலி கட்டியாயிற்று. அதுவரைக்கும் கோகிலா தலையை நிமிர்த்தவில்லை. பெரியவர்கள் சொன்னதற்கெல்லாம் "சரிங்க." முடிந்தது, என் பாவம் என் தலையில் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மோதிரம் எடுக்கும் சடங்கு. ஒரு குடத்தில் மஞ்சள் தண்ணீர். அதில் மோதிரத்தைப் போட்டு, இருவரும் கையை விட்டுத் தேட வேண்டும். மூன்று தடவை. யார் எடுக்கிறார்களோ அவர்கள் பேச்சுத்தான் அந்த வீட்டில் செல்லும் என்று ஊரில் ஒரு பேச்சு. சுற்றிலும் சனம். முதல் தடவை அவள் எடுத்தாள். அவள் பக்கத்துக்காரர்கள் கூச்சல். இரண்டாவது தடவை நான் எடுத்தேன். நாச்சிமுத்து மாமா விசில் அடித்தார், இந்த வயதில்.

மூன்றாவது தடவை. குடத்தின் வாய் குறுகல். அவள் விரல்களும் என் விரல்களும் முட்டிக்கொண்டன. நான் அடியைத் துழாவினேன், ஒன்றும் அகப்படவில்லை. மோதிரம் அவள் கைக்குள் போய்விட்டது. அவள் கை மூடியதை நான் தொட்டே உணர்ந்தேன். சரி, தோற்றோம், தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறோம் என்று கையை எடுக்கப் போனேன்.

அவள் விடவில்லை. தண்ணீருக்குள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, என் விரலை மூடினாள். பிறகு வெறும் கையை மேலே எடுத்து எல்லாருக்கும் விரித்துக் காட்டி, மண்டபமே கேட்கும்படி, "ஐயோ, தோத்துட்டனுங்க!" என்றாள்.

ஒரே ஆரவாரம். அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. மாமா என் முதுகில் ஓங்கித் தட்டி, "எங்க மாப்பிள்ளையா கொக்கா!" என்கிறார். என் மாமனார் கூடக் கை தட்டினார். நான் கையைத் தூக்கி மோதிரத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், திருட்டுப்பொருளோடு பிடிபட்டவன் மாதிரி.

கோகிலா ஈரக் கையைத் துடைக்கிற சாக்கில் என் பக்கம் குனிந்தாள்.

"பன்னெண்டாவது எபிசோடு நீங்க பார்க்கல, இல்லீங்களா? பார்த்திருந்தா, சிஹோவும் இப்படித்தான் தோக்கறாள்னு தெரிஞ்சிருக்கும். பரீட்சைல ஃபெயிலுங்க."

வாயைத் திறந்தால் "சரி" என்றுதான் வரும் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டேன்.

"காது செவந்துருச்சுங்க" என்றாள். "புதுக் கண்ணாடிக்கு நல்லா எடுப்பா இருக்குது."

அதற்கப்புறம் ஒரு காரியம் செய்தேன். திரும்பிக்கொள்ளாமல் அவளைப் பார்த்தேன். அவள் சட்டென்று மாலையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். மாலைக்கு மேலே காது இரண்டும் தெரிந்தன. புதுக் கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தன.

கூப்பிடுகிறார்கள். எழுதி முடித்துவிடுகிறேன்.

புகார் 18: பிப்ரவரி 10, காலை பத்தே முக்கால். ஐந்நூறு பேர் கண்ணெதிரே, தண்ணீருக்கு அடியில், என்னை ஏமாற்றி ஜெயிக்கவைத்தாள். அப்பட்டமான மோசடி. சாட்சி ஒருவரும் இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.